முக்கி ஓடும் எஞ்சினுக்கு ஒரு முள்

கடலூர் முதுநகர் துறைமுகத்திலிருந்து ஐஸ் பெட்டிகளோடு கிளம்பும் மீன் வண்டியானாலும், பண்ருட்டியில் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு புறப்படும் பிக்கப்பானாலும், சிதம்பரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி கொண்டுவரும் ‘குட்டியானை’ டாடா ஏஸானாலும், பத்து வயது தாண்டிய லோடு வண்டியின் மீட்டர் போர்டில் வேகமுள் இருக்கும், டீசல் முள் இருக்கும், வெப்பம் காட்டும் முள்ளோ விளக்கோ இருக்கும். எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் மீட்டர் பெரும்பாலும் இருக்காது. அதை வெளியில் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். விலை சில ஆயிரம் ரூபாய், பட்டறையில் அரை நாள் வேலை. செலவுக்கு ஏற்ற பயன் உண்டா என்று கேட்டால், நெடுஞ்சாலையில் லோடு அடிக்கும் வண்டிக்கு உண்டு என்பதே என் கணிப்பு. ஆனால் பலர் நினைக்கும் காரணத்துக்காக இல்லை. ஆர்பிஎம் மீட்டர் என்றதும் ரேஸ் காரும் சிவப்புக் கோடும்தான் நினைவுக்கு வருகின்றன. டீசல் பிக்கப்பில் அந்தச் சிவப்புக் கோட்டுப் பக்கம் முள் போவதே அரிது. இந்த மீட்டர் தன் விலைக்கு வேலை செய்வது கீழ்ப் பாதியில், 800க்கும் 1500க்கும் இடையில்.

மஹிந்திரா பொலிரோ பிக்கப்பில் பல வருடம் வந்த 2523 சிசி எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதன் 63 குதிரைத்திறன் கிடைப்பது 3200 சுற்றில். ஆனால் இழுவை, அதாவது டார்க், உச்சத்தைத் தொடுவது ஏறக்குறைய 1400, 1500 சுற்றிலேயே. அதற்குக் கீழே டர்போ போதிய காற்றைத் தள்ளாது. இப்போது ஒரு கணக்கு. 215/75 அளவு 15 அங்குல டயரின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 450 முறை சுற்றும். பின் அச்சு விகிதம் 4.5 என்றும் ஐந்தாவது கியர் விகிதம் 0.8 என்றும் வைத்துக்கொண்டால் (வண்டிக்கு வண்டி இது மாறும்) எஞ்சின் 1630 சுற்றில் ஓடுகிறது, நிம்மதியான இடம். முன்னால் ஒரு டிராக்டர் கரும்பு ஏற்றிக்கொண்டு போகிறது, வேகம் 40க்கு இறங்குகிறது, டிரைவர் கியரை மாற்றவில்லை. எஞ்சின் இப்போது சுமார் 1090. டிராக்டரை முந்த ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிக்கிறார். டீசல் முழு அளவில் போகிறது, அதை எரிக்கக் காற்று இல்லை. பின்னால் கரும்புகை வருகிறது, வண்டி முக்குகிறது. நான்காவது கியரில் இதே 40க்கு 1360, மூன்றாவதில் 1900 வந்திருக்கும். எந்த கியர் என்ற கேள்விக்கு விடை அந்த எண்களிலேயே இருக்கிறது. டிரைவர் கண் முன்னால்தான் அவை இல்லை.

‘டாப் கியர்ல விட்டாத்தான் மைலேஜ்’ என்ற நம்பிக்கை லோடு வண்டி உலகில் வேரோடியது. காலி வண்டிக்கு, சமதளத்தில், அது சரிதான். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை மேடு பள்ளம் இல்லாத கரையோரச் சாலை; அந்த நம்பிக்கையைப் பொய்யாக்க அங்கே மலை எதுவும் கிடையாது. அதனாலேயே அது கேள்வி இல்லாமல் நிலைத்துவிட்டது. இரண்டு டன்னை நெருங்கும் லோடு ஏறியதும் கதை வேறு. தாழ்ந்த சுற்றில் முழு மிதி என்பது டீசல் எஞ்சினுக்குக் கொடுமையான வேலை. தண்ணீர் பம்பும் ஆயில் பம்பும் எஞ்சின் சுற்றுக்கு ஏற்றபடிதான் ஓடுகின்றன, பெல்ட்டில் ஓடும் ஃபேனும் அப்படியே. வெப்பம் அதிகமாக உருவாகும் நேரத்தில் குளிரூட்டலும் எண்ணெய் அழுத்தமும் குறைந்து நிற்கின்றன. பேரிங்கின் மேல் அடி விழுகிறது, அந்த உதறல் கிளட்ச் பிளேட்டுக்கும் கியர் பாக்ஸுக்கும் போகிறது. 2005இல் வந்த முதல் டாடா ஏஸுக்கு இரண்டே சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத்திறன், டர்போவும் இல்லை. அதில் இந்த உதறல் இருக்கைவரை வரும். கடலூரை ஒட்டிய கேப்பர் மலை ஏற்றமோ ஒரு ரயில்வே மேம்பாலமோ வந்தால் போதும், எந்த டிரைவர் சுற்றைப் பிடித்து வைத்திருக்கிறார், யார் முக்கவிட்டுப் பிறகு கியர் தேடுகிறார் என்பது தெரிந்துவிடும்.

முதல் மறுப்பு எல்லோருக்கும் தெரிந்தது: இருபது வருடம் ஓட்டிய டிரைவருக்குக் காதே மீட்டர். மறுக்க மாட்டேன். கியர் மாற்ற வேண்டிய நொடியைக் காது நன்றாகவே சொல்லும். ஆனால் காது திடீர் மாற்றத்தைத்தான் பிடிக்கிறது, மெல்ல நகரும் மாற்றத்தை விட்டுவிடுகிறது. ஏர் ஃபில்டர் அடைத்து, டீசல் ஃபில்டர் கட்டி, ஐடில் 800லிருந்து 680க்கு மூன்று மாதத்தில் இறங்கினால், தினம் ஓட்டுபவருக்கு அது தெரியாது. அவர் காதும் கூடவே இறங்கியிருக்கும். சைலன்சரில் ஓட்டை விழுந்த வண்டியில் எல்லாச் சுற்றும் ஒரே இரைச்சல்தான். இன்னொன்று, வண்டியை எப்போதும் ஒரே ஆள் ஓட்டுவதில்லை. பலாப்பழ சீசனிலும் திருவிழா நாள்களிலும் ஆக்டிங் டிரைவரிடம் சாவியைக் கொடுக்காத ஓனர் அரிது. அந்த டிரைவருக்கு இந்த வண்டியின் குரல் பழக்கமில்லை. ‘பார்த்து ஓட்டுப்பா’ என்று சொல்லி அனுப்புவதைவிட ‘லோடு இருக்கும்போது முள்ளை 1400க்குக் கீழே விடாதே’ என்பது தெளிவான உத்தரவு.

இரண்டாவது மறுப்பு மெக்கானிக்குகளுடையது. டீசல் பம்புக்குள்ளேயே கவர்னர் இருக்கிறது, எல்லையைத் தாண்டி எஞ்சினைச் சுற்ற விடாது, பிறகு மீட்டர் எதற்கு? இந்தக் கேள்வி என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது: மேல் எல்லையைப் பம்பு பார்த்துக்கொள்கிறது, கீழ் எல்லையைப் பார்க்க யாரும் இல்லை. மேல் எல்லையிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. வேகமாக வரும் வண்டியில் தவறிப்போய் இரண்டாவது கியர் விழுந்தால், எஞ்சினைச் சுற்றுவது டீசல் இல்லை, சக்கரம். கவர்னர் அங்கே வெறும் வேடிக்கை பார்க்கும். ஆனால் அந்த நொடியில் மீட்டரும் எதையும் காப்பாற்றாது என்பதால் அதை இந்தக் கருவியின் பெருமையாக எழுதுவது நேர்மையாகாது.

என் பார்வையில் கீழ் எல்லையைக் காட்டுவதைவிடப் பெரிய லாபம் நோய் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. கிளட்ச் நழுவாதவரை, ஒரே கியரில் ஒரே வேகத்துக்கு ஒரே சுற்றுதான் வரும். அது பல்சக்கரக் கணக்கு, டிரைவரின் திறமையோ லோடோ அதை மாற்றாது. நான்காவது கியர், 50 கிலோமீட்டர், இத்தனை சுற்று என்று நல்ல நிலையில் ஒரு முறை குறித்து வைத்துக்கொண்டால் போதும். ஆறு மாதம் கழித்து ஏற்றத்தில் அதே வேகத்துக்கு 200 சுற்று கூடுதலாகக் காட்டினால் கிளட்ச் பிளேட் போகத் தொடங்கிவிட்டது. லோடோடு நடுரோட்டில் நிற்பதற்கு முன்பே பட்டறைக்குப் போகலாம். புகைச் சான்றிதழுக்கான சோதனையிலும் இதே எண்தான் அடிப்படை. டீசல் வண்டியை நிறுத்தி வைத்து ஐடிலிலிருந்து கவர்னர் வெட்டும் சுற்றுவரை மிதித்துவிட்டுப் புகையை அளக்கிறார்கள். இழுவை கூடட்டும் என்று பம்பு திருகைத் திறந்துவிட்ட வண்டியில் புகை எந்தச் சுற்றில் கிளம்புகிறது என்பதைச் சோதனைக்கு முன்பே வாசலில் நிறுத்திப் பார்த்துவிடலாம்.

இனி கருவிக்கு வருவோம். பெட்ரோல் வண்டியில் இக்னிஷன் காயிலிலிருந்து சமிக்ஞை எடுக்கலாம். டீசலில் காயில் கிடையாது. ஆகவே பெட்ரோல் காருக்கான அழகான மீட்டரை வாங்கிவந்து எங்கே இணைப்பது என்று விழிக்க வேண்டாம். டீசலுக்கானது என்று கேட்டு வாங்க வேண்டும். பழைய பம்பு எஞ்சினுக்கு எளிய வழி, பட்டறைகளில் டைனமோ என்றே அழைக்கப்படும் ஆல்டர்னேட்டர். பலவற்றின் பின்பக்கம் ‘டபிள்யூ’ என்று குறித்த ஒரு முனை எதிலும் இணைக்கப்படாமல் சும்மா இருக்கும். அது ஸ்டேட்டர் சுருளின் ஒரு கட்டம். சுற்றுக்கு ஏற்ற துடிப்பைத் தரும். முனை இல்லாவிட்டால், நல்ல எலக்ட்ரீஷியன் டைனமோவைத் திறந்து ஒரு ஒயரை வெளியே எடுத்துக் கொடுப்பார். கணக்கு இப்படி: 12 துருவ டைனமோ ஒரு சுற்றுக்கு 6 துடிப்பு தரும். கிராங்க் புல்லி 150 மில்லிமீட்டர், டைனமோ புல்லி 65 என்றால் விகிதம் 2.3, எஞ்சின் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 13.8 துடிப்பு. இந்த எண்ணை மீட்டரில் அமைக்க வேண்டும், அல்லது பின்னால் உள்ள சிறு திருகைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். கிராங்க் புல்லியில் ஒளிரும் நாடாத் துண்டு ஒட்டி, கையடக்க லேசர் டாக்கோமீட்டரால் ஐடிலிலும் 2000 சுற்றிலும் ஒப்பிட்டுப் பார்த்தால் அமைப்பு சரியா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இந்த முறைக்குக் குறைகள் உண்டு. பெல்ட் தளர்ந்து நழுவினால் முள் பொய் சொல்லும், குறைவாகக் காட்டும். கிளப்பியவுடன் டைனமோ சார்ஜ் பிடிக்கும்வரை முள் அசையாமல் கிடக்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, பழைய வண்டியின் டைனமோ ஒருநாள் மாற்றப்படும். வேறு புல்லியோ வேறு துருவ எண்ணிக்கையோ உள்ளது வந்து உட்கார்ந்தால், மீட்டர் அன்றிலிருந்து தவறான எண்ணை நம்பிக்கையோடு காட்டும். டைனமோ வேலை நடந்தால் லேசரும் மறுபடி வர வேண்டும். இந்தத் தொல்லை இல்லாதது ஃப்ளைவீல் பற்களைக் காந்த சென்சாரால் எண்ணும் முறை. துல்லியத்தில் அதுவே சிறந்தது. ஆனால் ஃப்ளைவீல் மூடியில் துளை போட்டு மரை வெட்ட வேண்டும். பற்களுக்கும் சென்சாருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவில் நிற்க வேண்டும். வயதான பிக்கப்புக்கு அது அதிகப்படி. காமன் ரெயில் எஞ்சின் வந்த பிறகான வண்டிகளில் நோயறியும் சாக்கெட் இருந்தால், ப்ளூடூத் செருகியும் செல்போன் செயலியும் போதும். சுற்றோடு எஞ்சின் வெப்பமும் தெரியும். ஆனால் எண் சற்றுத் தாமதமாக வருகிறது, சித்திரை வெயிலில் டேஷ்போர்டில் கிடக்கும் போன் சூடேறி அணைகிறது, அழைப்பு வந்தால் திரையே போய்விடுகிறது. மாட்டலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க ஒரு வாரம் சோதிக்க அது நல்லது. தினசரி ஓட்டத்துக்கு முள்ளே மேல். எண்ணைப் படிக்க வேண்டும். முள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது கடைக்கண்ணுக்கே தெரியும்.

எஃப்.சி. (தகுதிச் சான்றிதழ்) எடுக்கும்போது சிக்கல் வருமோ என்ற பயமும் கேட்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுப்பது, பதிவுச் சான்றிதழான ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை. உள்ளே ஒரு மீட்டர் வைப்பதால் எஞ்சினோ எடையோ பாடியோ மாறுவதில்லை. கண்ணாடி வழியே தெரியும் சாலையை மறைக்காமல், ஃபியூஸ் போட்டு, ஒயர் தொங்காமல் வைத்தால் சரி. ‘தேவையென்றால் கம்பெனியே கொடுத்திருக்காதா’ என்பவர்களுக்கு ஒரு பதில்: டாடா இன்ட்ரா போன்ற பின்னாளைய வண்டிகளில் கியரை எப்போது மாற்றலாம் என்று மீட்டர் போர்டிலேயே குறிப்பு காட்டுகிறார்கள். தேவையைக் கம்பெனிகளும் உணர்ந்திருக்கின்றன, பழைய வண்டிக்குத்தான் அது வரவில்லை. சாலையும் மாறிவருகிறது. சேத்தியாத்தோப்பு முதல் சோழபுரம் வரையிலான 50 கிலோமீட்டர் நான்கு வழிச் சாலை 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. 40, 50இல் ஓடிப் பழகிய வண்டி அங்கே நீண்ட நேரம் 70, 80இல் ஓடுகிறது. ஊருக்குள் இறங்கியதும் அதே கியரில் 35க்கு வந்து நிற்கிறது. முக்குவதற்கான வாய்ப்பு முன்பைவிடக் கூடியிருக்கிறது.

மைலேஜ் இத்தனை சதவீதம் கூடும் என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். மீட்டர் டீசலை மிச்சப்படுத்தாது, முள்ளைப் பார்க்கும் டிரைவர் மிச்சப்படுத்தலாம். வெப்பமுள் வேலை செய்யாத வண்டிக்கு முதல் செலவு அதைச் சரிசெய்வதுதான். அதைத் தள்ளிவைத்துவிட்டு ஆர்பிஎம் மீட்டர் வாங்குவது அசட்டுத்தனம். மீன் வண்டிக்காரர்கள் எர்த் ஒயரை பாடியில் கொடுக்காமல் எஞ்சின் பிளாக்கிலேயே கொடுக்கட்டும். ஐஸ் உருகி வழியும் உப்புத் தண்ணீர் பாடி போல்ட்டை அரித்துவிடும், பிறகு முள் ஆடும், மீட்டர்மேல் பழி விழும். மீட்டரின் முகப்பில் 1400 முதல் 2200 வரை பச்சை நாடா ஒட்டிக்கொள்வது நல்லது. ஏஸ் போன்ற டர்போ இல்லாத எஞ்சினுக்கு அந்தப் பட்டை இன்னும் சற்று மேலே தொடங்க வேண்டும். நாள் முழுக்கச் சிதம்பரத்தின் நான்கு வீதிகளுக்குள்ளேயே மூன்றாவது கியரைத் தாண்டாமல் சுற்றும் குட்டியானைக்கு இது எதுவும் தேவையில்லை. அந்தப் பணத்தில் அறுந்து கிடக்கும் ஸ்பீடோமீட்டர் கேபிளை மாற்றிக்கொள்ளலாம்.