விராகம்: துறவா, தயக்கமா?

வெலிமடைச் சந்தையில் தமிழரும் சிங்களவரும் அருகருகே இருந்து கோவாவும் உருளைக்கிழங்கும் விற்கின்றனர். ஒருவர் மொழியை மற்றவர் ஓரளவு பேசவும் செய்கின்றனர். ஆயினும் ஒருவர் இலக்கியத்தை மற்றவர் அறிதல் அரிது. இக்குறையை நீக்க விரும்பும் மாணவர் முதற்கண் கற்கத்தக்க சிங்கள நாவல் ‘விராகய’ ஆகும். கொக்கலையிற் பிறந்த மார்ட்டின் விக்கிரமசிங்க (1890–1976) இதனை 1956இல் வெளியிட்டார். ராகம் என்பது பற்று. அஃது இல்லாமையே விராகம். பௌத்த நெறி போற்றும் உயர்நிலை இது. கதைத் தலைவன் உண்மையில் அந்நிலையை எய்தினானா என்பதே இந்நாவல் எழுப்பும் வினா.

தென்னிலங்கைக் கிராமம் ஒன்றில் ஆயுள்வேத வைத்தியரின் மகனாகப் பிறந்தவன் அரவிந்தன். சரோஜினி அவனை விரும்புகிறாள். அவனும் அவளை விரும்புகிறான். பெற்றோர் இணங்கமாட்டார் என்று அறிந்த சரோஜினி, இருவரும் ஊரை விட்டுச் சென்று வாழலாம் என்று அழைக்கிறாள். அரவிந்தன் இணங்கவில்லை. பெற்றோர் மனம் புண்படும் என்றும் ஊரார் பழிப்பர் என்றும் பின்வாங்குகிறான். பின்னர் அவள் அவனுடைய நண்பன் சிறிதாசனை மணந்துகொள்கிறாள்.

தமிழ் மாணவர்க்கு இந்நிகழ்ச்சி புதியதன்று. அகத்திணை இதனை உடன்போக்கு என்று கூறும். பெற்றோர் கொடுத்தல் இன்றியும், உடன்போன விடத்துக் கற்புமணம் உண்டு என்பது தொல்காப்பியர் கொள்கை. சங்கத் தலைவன் பாலைவழியின் கொடுமையை அஞ்சித் தயங்கினும், அத்தயக்கம் தலைவியின் மெல்லடியை எண்ணியது. அரவிந்தனின் தயக்கமோ தன் நற்பெயரை எண்ணியது. இவ்வேறுபாடே நாவலின் உயிர்நிலை.

இறந்துபோன அரவிந்தன் எழுதிவைத்த வாழ்க்கைக் குறிப்பாகவே கதை பெரும்பாலும் நடக்கிறது. ஆதலின் வழக்காளியும் அவனே, வழக்குரைஞனும் அவனே. சரோஜினியின் நெஞ்சம் அவன் சொல் வழியாகவே வாசகரை அடைகிறது. அவள் தன் வாயாற் பேசும் இடம் இன்னும் விரிந்திருக்கலாம் என்று கருதுவோர் உளர். எனினும் ஆசிரியர் அவளுக்கு அநீதி இழைக்கவில்லை. ஊரார் பழியையும் பொருட்படுத்தாது அழைத்தவள் அவள் என்ற ஒன்றே, அரவிந்தன் அடுக்கும் காரணங்கள் அனைத்தையும் வலுவிழக்கச் செய்கிறது.

பிற்பகுதி இதனை உறுதிப்படுத்துகிறது. வேலைக்காரியின் மகள் பதீயை அரவிந்தன் தன் இல்லத்தில் வளர்க்கிறான். அவள் பருவம் எய்தியபின் அவனுள் எழும் அன்பு தந்தையின் அன்பா, ஆடவனின் ஆசையா என்பது அவனுக்கே விளங்கவில்லை. ஊரார் அலர் தூற்றுகின்றனர். முடிவில் அவளை ஜினதாசனுக்கு மணமுடித்து வைக்கிறான். பற்றற்றவனாயின் இத்தகைய போராட்டம் எழுந்திராது. பற்று அவனிடம் இருந்தது. அதனை ஒப்புக்கொள்ளும் துணிவு இல்லை.

குருக்ஷேத்திரத்தில் வில்லை நழுவவிட்ட அருச்சுனனும் பிச்சையேற்று வாழ்தல் நன்று என்றான். கண்ணன் அதனைத் துறவென ஏற்கவில்லை. மனத்தளர்ச்சி என்றே இடித்துரைத்தான். அரவிந்தனுக்கு அவ்வாறு இடித்துரைக்கும் தேரோட்டி வாய்க்கவில்லை.

எனினும் அவனைக் கோழை என்று மட்டும் கூறி ஒதுக்குதல் பொருந்தாது. சொத்தின்பால் அவனுக்கு வேட்கையில்லை. தனக்குத் தீங்கு செய்தாரையும் வெறுக்கவில்லை. நோயுற்றுக் கிடந்த இறுதி நாளில் பதீ வந்து பேணியது அவனது அன்பின் பயனே. நற்குணமும் கோழைமையும் ஒரே நெஞ்சில் பிரிக்கவியலாது கலந்திருத்தலை இத்துணை நேர்மையுடன் காட்டிய நாவல்கள் சிலவே.

இளைஞர் பலர் தம் தயக்கத்தைப் பெற்றோர்பால் வைத்த பக்தி என்றும், அச்சத்தை அடக்கம் என்றும் பெயரிட்டு அமைதியடைகின்றனர். அத்தயக்கத்தின் விலையை மற்றொருத்தியும் சேர்ந்தே செலுத்துகிறாள். சிங்களக் கிராமத்துக் கதையாயினும், ஊவாத் தோட்டத்து லயத்திலும் யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டிலும் அரவிந்தன்மார் உளர். தம்முள் இருக்கும் அவனை அடையாளங் காண்பதற்கேனும் மாணவர் இந்நூலைக் கற்றல் வேண்டும்.