உத்தரவாதம் விற்பனைக்கு

5ஜி வந்த பிறகு ஒரு பழைய சரக்கு புதுப் பெயரில் சந்தைக்கு வந்திருக்கிறது: நெட்வொர்க் ஸ்லைசிங். ஒரே வலையமைப்பைத் தனித்தனித் தடங்களாகப் பிரித்து, வீடியோ அழைப்புக்கு இவ்வளவுதான் தாமதம், விளையாட்டுக்கு இவ்வளவு வேகம் என்று உறுதிகொடுத்து விற்பார்கள். எல்லாத் தரவுப் பாக்கெட்டும் ஒரே வரிசையில் நிற்கும் இணையம் இனி தாங்காது என்பது ஆதரவாளர்களின் வாதம்.

ஒரு நிறுவனத்தின் சொந்த வலையமைப்பின் எல்லைக்குள் உத்தரவாதம் வேலை செய்கிறது. அதை மறுக்க முடியாது. 4ஜி வோல்ட்இ அழைப்பில் குரலுக்குத் தனி முன்னுரிமை உண்டு, தாமத வரம்பு 100 மில்லி விநாடி. அழைப்பும் தெளிவாகவே கேட்கிறது.

எல்லை தாண்டினால்தான் தொல்லை; பழைய முயற்சிகளே சாட்சி. 1997இல் தரப்படுத்தப்பட்ட ஆர்எஸ்விபி முறையில், வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரும் ஒவ்வொரு அழைப்புக்கும் இடம் ஒதுக்கி அதை நினைவில் வைத்திருக்க வேண்டும். லட்சக்கணக்கான அழைப்புகள் கடக்கும் முதுகெலும்பு ரவுட்டரில் அது நடக்கிற காரியமா? அடுத்த ஆண்டு வந்த டிஃப்சர்வ், பாக்கெட்டின் தலையில் ஆறு பிட் அடையாளம் இட்டதோடு நின்றது. அதை மதிப்பதும் அழிப்பதும் அடுத்த நிறுவனத்தின் விருப்பம்.

இவை பொறியியல் சிக்கல்கள், என்றாவது தீரலாம். தீராத கோளாறு வேறு. முன்னுரிமை ஒரு பிட் கொள்ளளவைக்கூடக் கூட்டுவதில்லை. யார் முந்துவது என்பதை மட்டுமே மாற்றுகிறது. காலியான தடத்தில் காசு கொடுத்த பாக்கெட்டும் கொடுக்காததும் ஒன்றாகவே போய்ச் சேரும். தர்ம தரிசன வரிசை வேகமாக நகர்ந்தால் சிறப்பு தரிசன டிக்கெட்டை யார் வாங்குவார்? இங்கே டிக்கெட் விற்பவரும் நெரிசலைக் குறைக்க வேண்டியவரும் ஒருவரே.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் இன்டர்நெட்2 அமைப்பு இத்தகைய முன்னுரிமைச் சேவையை முயன்று பார்த்துக் கைவிட்டது. அதன் பொறியாளர்கள் டைட்டல்பாமும் ஷாலுனோவும், இது ஏன் பரவவில்லை, ஏன் அநேகமாக இனியும் பரவாது என்று தலைப்பிலேயே சொல்லி 2002இல் எழுதினார்கள். இந்தியாவிலும் 2020 ஜூலையில், உயர்கட்டணச் சந்தாதாரர்களுக்கு முன்னுரிமை அறிவித்த ஏர்டெல், வோடஃபோன் ஐடியா திட்டங்களைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நிறுத்திவைக்கச் சொன்னது. மற்றவர்களின் வேகத்தைக் குறைத்துத்தான் இந்த வேகமா என்பதே அது எழுப்பிய கேள்வி. ஸ்லைசிங்கை ஆதரிப்பவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வியும் அதுதான்.

நெரிசலைச் சமாளிக்க வேறு வழியும் உண்டு. 2023 நவம்பர் 19, உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதிப் போட்டி. ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். வீடியோவைச் சில விநாடித் துண்டுகளாக, பல தரங்களில், பார்ப்பவருக்கு அருகிலுள்ள சர்வர்களில் வைத்திருந்தால் போதும்; லைன் மந்தமானால் செயலியே தரத்தைக் குறைத்துக்கொள்ளும். படம் சற்று மங்கும், ஆட்டம் நிற்காது.

நேரடி உரையாடலுக்கு இது உதவாது என்பார்கள். உண்மைதான், ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடியைத் தாண்டினால் பேச்சு தடுமாறத் தொடங்கும். ஆனால் அந்தத் தாமதம் பல வீடுகளில் ரவுட்டருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. மேலேற்றும் வேகம் 1 எம்பிபிஎஸ், பாக்கெட்டுகள் காத்திருக்கும் ரவுட்டரின் பஃபர் 256 கேபி என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் புகைப்படங்களை ஏற்றினால் பஃபர் நிரம்பி, பக்கத்து அறையின் வீடியோ அழைப்பு இரண்டு விநாடி காத்துக் கிடக்கும். எந்த ஸ்லைஸும் அந்தப் பெட்டிக்குள் எட்டாது. அதைத் தீர்க்கும் எஃப்கியூ-கோடெல் என்ற வரிசை மேலாண்மை முறை 2012 முதல் லினக்ஸில் இலவசமாகவே இருக்கிறது. மாதக் கட்டணம் போட வழியில்லாததாலோ என்னவோ, அதற்கு விளம்பரம் செய்ய ஆளில்லை.