ரசமட்டம் சொல்வதும் கடைசல் சொல்வதும்

1968-இல் ஜவ்வாது மலையின் காவலூரில் முதன்முதலாக வானத்தைப் பார்த்த தொலைநோக்கி கடல் தாண்டி வந்ததல்ல. 38 செ.மீ. ஆடி கொண்ட அந்தக் கருவியைக் கொடைக்கானல் வானாய்வகத்தார் தங்கள் வளாகத்துப் பட்டறையிலேயே செய்து இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். கிழக்கு ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் செய்த ஒரு மீட்டர் தொலைநோக்கி 1972-இல்தான் வந்தது. 1986 ஜனவரியில் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி மறுபடியும் உள்நாட்டு வேலை. அதன் ஆடியைப் பெங்களூரில் தேய்த்து மெருகேற்றினார்கள். வானியலாளர் வைணு பாப்பு தொடங்கிவைத்த இந்த வழியில், நுட்பமான கருவி வேலை ஜவ்வாது மலைக்குப் பழக்கமானதுதான்.

அதே மலையில் ஜமுனாமரத்தூர்க்காரர் ஒருவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு லேத்தை நிறுத்தவும், முடிந்தால் பக்கத்தில் ஒரு மில்லிங் மெஷின் வைத்துக்கொள்ளவும் ஆசைப்பட்டால், கொடைக்கானலில் நடந்ததைத்தான் சிறிய அளவில் செய்யப் பார்க்கிறார் என்று கொள்ளலாம். அவருக்குக் கிடைக்கிற அறிவுரையில் பாதி கோவை, அம்பத்தூர் தொழிற்பேட்டைகளின் அனுபவம். மீதி குளிர்நாட்டு வீட்டுக் கொட்டகைகளின் அனுபவம். இந்த மலையின் மழைக்கும் மின்சாரத்துக்கும் தரைக்கும் அவற்றில் எது நிற்கும், எது நிற்காது என்று உரசிப் பார்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் கேள்வி, எந்த மெஷின்? மேசை மேல் வைக்கும் சீன மினி லேத்துக்கு ஆதரவான வாதம் மலைமேல் வலுவாகவே இருக்கிறது. எடை நாற்பது கிலோவை ஒட்டியது. இரண்டு பேர் தூக்கி வைத்துவிடலாம். வீட்டு பிளக்கிலேயே ஓடும். வேகத்தைத் திருகி மாற்றிக்கொள்ளலாம். கடிகார உறுப்புகள், சிறு பித்தளைத் திருகுகள், தொலைநோக்கியின் கண்ணருகு வில்லைக் குழல் போன்றவற்றோடு ஆசை நின்றுவிடுமானால் அதில் குறைசொல்ல அதிகமில்லை. ஆனால் லேத்துக் கடைக்கு மலையிறங்கிப் போக வேண்டியிருக்கிற ஊரில், பொழுதுபோக்குக்கு வைத்த லேத்து பொழுதுபோக்கோடு நிற்காது. சாமை உமி நீக்கும் மெஷினின் தேய்ந்த ஷாஃப்டும், மோட்டார் பம்பின் புஷ்ஷும், டிராக்டர் பின்னும் வாசலுக்கு வந்துவிடும். மினி லேத்தில் ஏழு அங்குலத்துக்கு மேல் எதுவும் சுழலாது. இரும்பில் ஒரு மில்லிமீட்டர் ஆழம் எடுத்தாலே மெல்லிய பெட் அதிர்கிறது. கடைந்த முகத்தில் அலை அலையாகக் கோடு விழுகிறது. பல மாடல்களில் உள்ளே இருக்கும் பற்சக்கரம் பிளாஸ்டிக். டூல் ஒருமுறை மாட்டிக்கொண்டால் பல் போய்விடும்.

எதிர்ப்பக்கம் நிற்பது பழைய இந்திய லேத்து. 1941-இல் ஹரிஹரில் தொடங்கிய மைசூர் கிர்லோஸ்கரின் லேத்துகள் இன்னும் எத்தனையோ பட்டறைகளில் ஓடுகின்றன. அந்த நிறுவனம்தான் இல்லை. 1953-இல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி.யின் லேத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிற டர்னர்கள் உண்டு. பட்டாலா, ராஜ்கோட், கோவை லேத்துகள் அதற்கடுத்த படியில் பேசப்படும். என் கணிப்பில் இந்தப் பெயர்ப் பட்டியல் பாதிக்குமேல் வீண் பேச்சு. முப்பது வருடம் இரண்டு ஷிப்ட் ஓடித் தேய்ந்த நல்ல கம்பெனி லேத்தைவிட, ஒரு பயிற்சிக்கூடத்தில் மாணவர்கள் தயங்கித் தயங்கித் தொட்ட சாதாரண பட்டாலா லேத்து மேல்.

தேய்மானத்தைப் பெயின்ட் மறைத்துவிடும், பெட்டின் வழிகள் மறைக்காது. சக்குக்கு அடியில் சேடில் எட்டாத ஒரு விரற்கடை இடம் உண்டு. அங்கிருந்து சேடில் ஓடும் பகுதிக்கு நகத்தை இழுத்தால் ஒரு படி தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். பிறகு சக்குக்குப் பக்கத்தில் சேடிலின் ஜிப் பட்டையைச் சரியான இறுக்கத்துக்குக் கொண்டுவந்து, அப்படியே டெயில்ஸ்டாக் பக்கம் தள்ளுங்கள். வழியிலேயே சேடில் இறுகி நின்றுவிட்டால், சக்குப் பக்கத்து முதல் ஒரு அடி தேய்ந்திருக்கிறது என்று பொருள். வேலையெல்லாம் நடப்பது அந்த ஒரு அடியில்தான். மோட்டார், பெல்ட், சக், பேரிங் எதையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். தேய்ந்த பெட்டை வீட்டில் வைத்து யாரும் சரிசெய்ய முடியாது. நல்ல பெட் கொண்ட நாலரை அடி லேத்து கிடைத்தால் பெயரைப் பார்க்காமல் வாங்கலாம் என்பது என் தீர்ப்பு.

மின்சாரத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்களின் வாதம் இன்று எடுபடாது. பழைய லேத்தின் மூன்று ஃபேஸ் மோட்டாரை, ஒற்றை ஃபேஸ் 230 வோல்ட்டை வாங்கி மூன்று ஃபேஸாகத் தருகிற டிரைவில் ஓட்டலாம். ஒன்று, இரண்டு குதிரைத்திறன் மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டார் இணைப்பில் இருக்கும். அதை டெல்டாவாக மாற்றினால்தான் 230-இல் முழு வலு கிடைக்கும். ஆறு முனையும் வெளியே வராத மோட்டார் என்றால் வைண்டிங் கடையில் ஸ்டார் முடிச்சைப் பிரிக்கச் சொல்ல வேண்டும். நல்ல எர்த் போட வேண்டும். அவ்வளவுதான்.

உண்மையான வழக்கு லேத்தை நிறுத்துவதில் இருக்கிறது. ‘முதலில் ரசமட்டம் வை’ என்பது எல்லோரும் சொல்லும் பாடம். அதைச் சற்றுக் கடுமையாகவே விசாரிக்க வேண்டும். லேத்து பூமிக்குச் சமமாக இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. அலையில் ஆடும் கப்பலிலும் லேத்து ஓடத்தான் செய்கிறது. தேவை, பெட் முறுக்கிக்கொள்ளாமல் இருப்பது. மேடுபள்ளத் தரையில் போட்ட கட்டிலின் சட்டம் திருகிக்கொள்வதைப் போல, நாலு கால்களில் ஒன்று பொய்க்கால் ஆனால் கெட்டியான வார்ப்பிரும்பு பெட்டும் கண்ணுக்குத் தெரியாத அளவில் திருகிக்கொள்ளும். ரசமட்டம் அந்த முறுக்கைக் கண்டுபிடிக்கிற ஒரு வழி, அவ்வளவே. ஹெட்ஸ்டாக் பக்கமும் டெயில்ஸ்டாக் பக்கமும் ஒரே அளவு காட்டினால் போதும். இரண்டும் ஒரே அளவு சாய்ந்திருந்தாலும் குற்றமில்லை.

எந்த ரசமட்டம் என்பது அடுத்த கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்டர் உயரம் 160 மி.மீ. உள்ள லேத்தில், பெட்டின் இரு முனைகளுக்கும் இடையே மீட்டருக்கு 0.02 மி.மீ. சாய்வு வித்தியாசம் இருந்தால், டூல் ஒரு முனையிலிருந்து மறுமுனை போவதற்குள் 0.0032 மி.மீ. விலகும். விட்டத்தில் அது இருமடங்கு, ஏறத்தாழ 0.006 மி.மீ. டூல்ரூமில் வைத்திருக்கும் 0.02 லெவல் இதைப் பிடித்துவிடும். மெஷின்களைச் சோதிக்கும் முறைகளை 1927-இல் புத்தகமாக வகுத்துத் தந்த பெர்லின் பேராசிரியர் ஷ்லெசிங்கரின் வழியில் இன்றும் இந்த அளவு லெவலைத்தான் கையாளுகிறார்கள். கொத்தனார் மட்டமோ மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் சாய்ந்தால்தான் அசையும். அந்த அரை மில்லிமீட்டரை இதே லேத்தில் போட்டால் விட்டத்தில் 0.16 மி.மீ. பிழை, பேரிங் ஏறும் ஷாஃப்டைக் குப்பையில் போட இது தாராளமாகப் போதும். குமிழி நடுவில் நிற்கிறது என்று கொத்தனார் மட்டத்தை நம்பி போல்ட்டை இறுக்குவது, எதுவும் வைக்காமல் இறுக்குவதைவிட மோசம். சரியாகிவிட்டது என்ற பொய் நிம்மதி அதில் கூடுதலாகச் சேர்ந்துகொள்கிறது.

இரண்டாவது வழி, சக்கில் நேரான ஒரு கம்பியைப் பிடித்து, சேடிலில் டயலை வைத்து, சக்குப் பக்கம் ஓரிடத்திலும் கடைசியில் ஓரிடத்திலும் பார்ப்பது. கம்பியை ஒரு சுற்றுச் சுற்றி, டயலின் மிக அதிக அளவையும் மிகக் குறைந்த அளவையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும். இப்படிச் செய்தால் சக்கின் கோணல் கழிந்து, ஸ்பிண்டிலின் அச்சு பெட்டுக்கு இணையாக ஓடுகிறதா என்பது மட்டும் தெரியும். இரும்பு வீணாவதில்லை, லெவல் கடன் கேட்க வேண்டியதில்லை. ஆனால் மெஷின் வேலை செய்யாமல் சும்மா நிற்கும்போது எடுத்த அளவு இது.

மூன்றாவது கடைசல் சோதனை. 40 மி.மீ. கம்பி ஒன்றை, டெயில்ஸ்டாக் தாங்கல் இல்லாமல், சக்குக்கு வெளியே 150 மி.மீ. நீட்டிப் பிடியுங்கள். நடுவைக் குறைத்து இரு முனையிலும் இரண்டு வளையங்களை விட்டுவையுங்கள். கூரான டூலால், கிராஸ் சிலைடைத் தொடாமல், இரண்டு வளையங்களையும் ஒரே ஓட்டத்தில் லேசாகக் கடையுங்கள். மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். வெளிவளையம் பெரிதாக இருந்தால் டெயில்ஸ்டாக் பக்கத்து முன்காலைச் சிறிது உயர்த்த வேண்டும். சிறிதாக இருந்தால் பின்காலை. மெல்லிய பித்தளைத் தகட்டைச் செருகி, இறுக்கி, மறுபடி கடைந்து, மறுபடி அளக்க வேண்டும். இரண்டு வளையங்களும் 0.01 மி.மீ.க்குள் வந்துவிட்டால் சொந்தப் பட்டறைக்கு அதற்குமேல் கேட்க வேண்டாம்.

இந்தச் சோதனைக்கு எதிராகச் சொல்லப்படுவதில் இரண்டு நியாயமானவை. கம்பி மெலிந்தால் அது டூலுக்குப் பயந்து விலகி, இல்லாத முறுக்கை இருப்பதாகக் காட்டும். தடிமன் பாதியானால் வளைவு 16 மடங்காகும் என்பதால் 20 மி.மீ. கம்பியில் இந்தச் சோதனை செய்யவே கூடாது. மற்றொன்று இன்னும் கனமான ஆட்சேபம்: ஹெட்ஸ்டாக்கே கோணலாக உட்கார்ந்திருந்தால், அந்தக் கோணலை மறைக்க நாம் நல்ல பெட்டைத் திருகிக்கொண்டிருப்போம். உண்மைதான். 0.02 லெவல் ஒன்று ஒரு நாளைக்குக் கடனாகக் கிடைத்தால் இங்கேதான் உதவும். லெவல் முறுக்கு இல்லை என்கிறது, வளையங்கள் வித்தியாசம் காட்டுகின்றன என்றால், குற்றவாளி ஹெட்ஸ்டாக்கோ தேய்ந்த பெட்டோதான். டயல் அதை உறுதிசெய்யும். ஆக, லெவலும் டயலும் சாட்சிகள், தீர்ப்பு கடைசலுடையது. சாட்சிகள் கிடைக்காத ஊரில் கடைசலை மட்டும் நம்பி லேத்தை நிறுத்தலாம். கடைசல் இல்லாமல் லெவலை மட்டும் நம்பி நிறுத்தக் கூடாது.

தரையைப் பற்றி ஒரு வார்த்தை. மர மேசை மழைக்கு ஊறி, வெயிலுக்குச் சுருங்கி, சீசனுக்கு ஒரு முறுக்குக் கொடுக்கும். ரப்பர் பாதங்கள் பெட்டி போன்ற கனத்த அடிப்பாகம் உள்ள மெஷின்களுக்குச் சரி. தனித்தனிக் கால் வைத்த பழைய லேத்தில் முறுக்கைத் திருத்த அவற்றால் முடியாது. கான்கிரீட் போட்டு, நன்றாக நீர்விட்டு ஆற்றி, 28 நாள் பொறுத்து, போல்ட்டில் நிறுத்துவதே வழி. ஜன்னல் வெயில் பெட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் விழும் இடம் வேண்டாம். ஒரு மீட்டர் வார்ப்பிரும்பு ஒரு டிகிரிக்கு 0.01 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக நீளும். ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் பெட் வளைந்துகொடுக்கும்.

இந்த மலையில் லேத்தைக் கெடுப்பது தேய்மானத்தைவிடத் துருதான். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த இரும்பின்மேல் காலையில் ஈரக்காற்று பட்டதும் பெட்டில் பனி போல நீர் கோத்துக்கொள்ளும். துடைக்காமல் விட்டால் ஆரஞ்சு நிறப் படலம் படிந்துவிடும். பிளாஸ்டிக் உறை போட்டு மூடச் சொல்கிறவர்கள் ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கச் சொல்கிறார்கள். பருத்தித் துணி உறையும், அதனடியில் எரியும் ஒரு சிறிய குண்டு பல்பும் மேல். காற்றைவிட இரும்பு சற்றே வெதுவெதுப்பாக இருந்தால் நீர் கோக்காது. கிரீஸ் தடவும் பழக்கத்தையும் நிராகரிக்க வேண்டும். இரும்புச் சுருளும் எமரித் தூளும் அதில் ஒட்டி, பெட்டைத் தேய்க்கும் சாணையாகவே மாறிவிடும். வழிகளுக்கென்றே விற்கும் 68 எண் ஆயிலை வேலை முடிந்ததும் துணியால் துடைத்து மெல்லிய படலமாக விட வேண்டும்.

மில்லிங் மெஷினுக்கு இதே அளவு இடம் கொடுக்க மனம் வரவில்லை. எச்.எம்.டி. எஃப்.என்.2 போன்றவை அற்புதமான மெஷின்கள். வீட்டுப் பட்டறைக்கும் மலைப்பாதைக்கும் அவை ஏற்றவையல்ல. உருண்டைத் தூண் கொண்ட மில்-டிரில் மலிவு. ஆனால் தலையை ஏற்றி இறக்கும் ஒவ்வொரு முறையும் அது பக்கவாட்டில் திரும்பி, பிடித்த சென்டரைத் தொலைத்துவிடும். வாங்குவதானால் சதுரத் தூணில் வழி வெட்டிய சிறிய மெஷின். அதிலும் ஸ்பிண்டிலில் டயலைக் கட்டி டேபிள்மேல் 200 மி.மீ. வட்டம் சுற்றி, நாலு திசையிலும் 0.02 மி.மீ.க்குள் வரும்வரை தலையைத் தகடு வைத்துத் திருத்திய பிறகே வைஸைப் பூட்ட வேண்டும். அதுவரை லேத்தின் கிராஸ் சிலைடில் பொருத்தும் வெர்டிகல் சிலைடு சாவித்தடம் வெட்டப் போதும். முதல் ஆண்டில் மில்லிங் மெஷினுக்கு ஒதுக்கிய பணத்தை நல்ல மைக்ரோமீட்டருக்கும் டயலுக்கும் நாலு தாடைத் தனிச் சக்குக்கும் செலவிடுவதே விவேகம்.

ஜமுனாமரத்தூரில் பழங்குடி இளைஞர்களுக்கான அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. அங்கே தொழில் படித்த பிள்ளைகளில் சிலராவது சொந்த லேத்து வைக்க முனைவார்கள். அவர்களுக்கும் மற்ற ஆர்வலர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: சோதனைக்குக் கடைந்த அந்த இரண்டு வளையக் கம்பியைத் தூக்கிப் போடாதீர்கள். மழைக்காலம் தொடங்கும் முன் ஒருமுறை, தை பிறந்ததும் ஒருமுறை, அதே கம்பியை மறுபடி லேசாகக் கடைந்து அளந்து, இரண்டு அளவையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.