கையெழுத்துச் சமையலேடும் அதனைப் படிக்கும் முறையும்

தோட்டத்து லயத்தைவிட்டு நகரத்து அடுக்குமாடிக்குக் குடிபோகும் குடும்பம் முதலில் கழிப்பது காகிதத்தைத்தான். பள்ளிப் புத்தகம், பழைய பஞ்சாங்கம், வார இதழ், திருமண அழைப்பு யாவும் ஒரே கயிற்றில் கட்டுண்டு கோயிலுக்கோ பள்ளி நூலகத்துக்கோ நன்கொடையாகப் போய்விடுகின்றன. அக்கட்டுகளுக்கிடையே சிற்சில வேளை கோடிட்ட பள்ளிக் குறிப்பேடு ஒன்று அகப்படும். அட்டையில் பெயர் இராது. உள்ளே மீன் குழம்பும் அதிரசமும் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காய மருந்தும் அடுத்தடுத்து எழுதப்பட்டிருக்கும். எந்த இனத்திற் சேர்ப்பது என்று விளங்காமல், பெற்றுக்கொண்டவர் அதனைப் பழைய தாள் வாங்குபவரிடம் போட்டுவிடுகிறார். அதுவும் ஒரு நூலே. அதனைப் படிப்பதற்கும் ஒரு முறை உண்டு.

முதற்கண் காலம். ஆசிரியர் பெயர் தெரியாத ஏட்டின் காலத்தைப் புலவர்கள் சொல்லாட்சியைக் கொண்டு துணிவது வழக்கம். சமையலேட்டில் அவ்வேலையை அளவைச் சொற்களே செய்துவிடுகின்றன. ஆழாக்கும் படியும் ஊரிலிருந்து கப்பலேறி வந்தவை. காத்தியும் தஹிலும் கந்தாங்கும் இந்நாட்டுக் கடைத்தெருவிற் கற்றவை. பதினாறு தஹில் கொண்டது ஒரு காத்தி, இன்றைய கணக்கில் ஏறத்தாழ 600 கிராம். மலேசியாவில் எடையளவைச் சட்டம் வந்தது 1972-இல். கிலோவும் கிராமும் வீட்டு ஏடுகளில் புகுவது அதற்குப் பின்னரே. ஒரே பக்கத்தில் அரிசி ஆழாக்காலும், மீன் காத்தியாலும், சீனி கிராமாலும் வருமாயின், எழுதியவள் எவ்வெவர் கையிலிருந்து எதனை வாங்கினாள் என்பதும் உடன் வந்துவிடுகிறது. ஆயினும் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. சட்டம் மாறிய நாளிலேயே கிழவிகளின் வாய் மாறிவிடுவதில்லை. கெட்டிப்பால் டின்னை அளவாகக் கொண்ட குறிப்புகளோ எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்பட்டவையல்ல.

அடுத்தது எழுத்து. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பத்தோ அதற்கு மேலோ பள்ளி வயதுப் பிள்ளைகள் இருந்த தோட்டங்களிற் பள்ளி நடத்துமாறு முதலாளிமாரைப் பணித்தது. பள்ளி வந்தது உண்மை. பெண்பிள்ளை அதில் நிலைத்தது சில ஆண்டுகளே. தம்பியைத் தூக்கவும், பின்னர்ப் பால்மரம் வெட்டவும் அவள் போய்விட்டாள். ஆதலின் அத்தகையவள் பின்னாளில் எழுதிய ஏட்டில் ‘சர்க்கரை’ ‘சக்கர’யாகவும், ‘வெங்காயம்’ ‘வெங்காய’மாகவும் ‘வெங்கய’மாகவும் நிற்கும். இவற்றைப் பிழையென்று திருத்துவது எளிது. சிவப்பு மையைத் தொடாதிருத்தல் ஆசிரியர்களுக்கு அரிய தவம். ஆனால் அந்தப் பிழையிலேதான் அவள் பேசிய பேச்சு ஒலிக்கிறது. திருத்திவிட்டால் எஞ்சுவது அகராதிச் சொல் மட்டுமே.

நிற்க. இத்தகைய ஏட்டைப் படிப்பவர்க்கு நேரும் பெரிய இடர், அதில் எழுதப்படாதவையே. ‘பக்குவமாக வதக்கு’, ‘தேவையான புளி’, ‘பதம் வந்ததும் இறக்கு’ என்பதோடு குறிப்பு முடிந்துவிடும். பதம் யாதெனக் கேட்டால் விடையில்லை. எழுதியவளுக்கு அது தெரியும். தன் நினைவுக்கு ஒரு முடிச்சுப் போட்டாளேயன்றிப் பிறர்க்குப் பாடம் சொல்லவில்லை. இலக்கண நூலார் சூத்திரம் செய்தது போன்றதே இது; உரையாசிரியர் வந்தாலன்றிப் பொருள் விரியாது.

அந்த உரைப் பணியைத் தமிழில் செய்து காட்டிய நூலாக எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ என்பதைச் சொல்லலாம். 1951-இல் அதன் முதற் பாகம் வெளிவந்தது. உறவினர் பலர் செய்முறை கேட்டு எழுதியதன் விளைவே அந்நூல் என்பர். அடுப்பங்கரையில் அருகே நின்று சொல்லித் தரத் தாயோ மாமியோ இல்லாத புதுக்குடித்தனக்காரிக்கு, எதனை முன் இடுவது, எதனைப் பின் இடுவது என்று வரிசை தவறாமல் அது சொல்கிறது. பயனால் அதற்கு ஈடு குறைவு. எனினும் அதன் வெற்றியே அதன் எல்லையுமாகும்: யார் வீட்டிலும் சமைக்கத்தக்க குறிப்பாதற்கு, அது ஒரு வீட்டின் குறிப்பாக இருத்தலை விட்டுவிட வேண்டியிருந்தது. அச்சு நூலைக் கொண்டு சமைக்கலாம். கையேட்டைக் கொண்டு ஒரு குடும்பத்தை அறியலாம். ஒன்றிடத்தில் மற்றதைத் தேடுவோர் இரண்டையும் குறைகூறுவர்.

எழுதாது விட்டவற்றை எங்ஙனம் மதிப்பது என்பதற்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு சான்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் தெரேசின் நகரில் யூதரை அடைத்துவைத்த முகாமிலே, பட்டினி கிடந்த பெண்கள் தம் வீட்டுப் பலகாரங்களை நினைவிலிருந்து எழுதினர். அவ்வேட்டை வைத்திருந்த மினா பெக்டர் 1944-இல் அங்கேயே மாண்டார். தம் மகளிடம் சேர்க்குமாறு ஒரு நண்பரிடம் அவர் கொடுத்த அப்பொதி, முன்பின் அறியாதோர் கைகளில் மாறிமாறி 1969-இல்தான் நியூயார்க்கிலிருந்த மகளை அடைந்தது. 1996-இல் காரா டி சில்வா பதிப்பித்த அந்த ஏட்டில், சேர்க்க வேண்டிய பொருளோ செய்ய வேண்டிய வேலையோ விடுபட்ட குறிப்புகள் உள்ளன. பதிப்பாசிரியர் அவற்றை நிரப்பவில்லை. சமையலறைக்கு அது குறை. பசியால் நினைவு நழுவிய இடம் அதுவென்று காட்டுவதும் அக்குறையே. நமக்கு அணித்தாயுள்ள சிங்கப்பூர்ச் சாங்கிச் சிறையிலும் பெண் கைதிகள் இவ்வாறே எழுதிவைத்தனர்.

மலாக்காவிலேயே இதற்கு ஒரு மறுப்பும் உண்டு. காஜா பேராங்கில் வாழும் மலாக்காச் செட்டிகளின் வீட்டுமொழி மலாய். அவர்கள் வழிபடும் பொய்யாத விநாயகர் கோயிலோ 1781-இல் எழுந்தது. பொங்கலுக்கு முன்னாள் முன்னோர்க்குப் படைக்கும் ‘பர்ச்சு’ச் சடங்கில் வாழையிலை நிறையப் பரிமாறுகிறார்கள். அவ்வுணவெல்லாம் தமிழ் ஏட்டைப் பார்த்துச் சமைத்ததன்று. ‘அகாக் அகாக்’ என்னும் கண்ணளவே அளவு. ஏடின்றியும் சமையல் வாழுமாயின், ஏட்டுக்கு இத்துணைப் பெருமை எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் அவர்களுக்கு ஒரு கிராமமும், அங்கே ஆண்டுதோறும் கூடிச் சமைக்கும் நாளும் இருந்துவந்தன. ஜாசினிலும் அலோர் காஜாவிலும் தோட்டத்து மக்களுக்கு வாய்த்தது வேறு. 1950-களின் பிற்பகுதியில் தொடங்கிய தோட்டத் துண்டாடலும், பின்னாளில் காடு வீட்டுமனையாகியதும் லயத்தைக் கலைத்தன. பக்கத்து அடுப்பைப் பார்த்துக் கற்கும் வாய்ப்பும் உடன் போயிற்று. கண்ணளவைக் கற்பிக்கக் கண்முன் ஒருவர் இல்லாத போதுதான் பெண் பென்சிலை எடுக்கிறாள்.

ஆகவே கட்டுக்குள் அகப்பட்ட ஏட்டை அச்சேற்ற எண்ணுவோர், சமையல் வல்லாரைக் காட்டிலும் உ. வே. சாமிநாதையரையே வழிகாட்டியாகக் கொள்ளலாம். 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட அப்பெரியார், ஏட்டுக்கு ஏடு வேறுபட்ட பாடங்களைப் பொருட்படுத்திக் குறித்துவைத்தவர். சமையலேட்டிலும் பாடபேதம் உண்டு. ‘மிளகாய் பத்து’ என்று நீல மையில் இருந்ததை அடித்து, வேறொரு கை ‘ஆறு’ என்று பென்சிலால் எழுதியிருக்கும். மருமகள் திருத்தினாளோ, வயிற்றுப் புண் வந்த பின் அவளே குறைத்துக்கொண்டாளோ, வீட்டில் பேரப்பிள்ளை சாப்பிடத் தொடங்கிற்றோ! எதுவாயினும் இரண்டையும் அப்படியே அச்சிட வேண்டும். நடுவுநிலைமை என்றெண்ணி ‘எட்டு’ என்று போட்டுவிடக் கூடாது.