கேட்பவன் வைத்த பெயர்

வட ஆப்பிரிக்காவின் பூர்வகுடிகளை உலகம் 'பெர்பர்' என்று அழைக்கிறது. இந்தச் சொல் அவர்களைப் பற்றிச் சொல்வதைவிட அழைத்தவர்களைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது என்று எனக்குப் படுகிறது. அந்நியனின் பேச்சு கிரேக்கன் காதில் வெறும் 'பர் பர்' என்று விழுந்தது. அவனை 'பார்பரோஸ்' என்றான். இலியத்தில் காரியர்களுக்கு இதையொட்டிய அடைமொழி வருகிறது. அங்கே பேச்சு அந்நியமானது என்பதுதான் விஷயம். பாரசீகப் போர்களுக்குப் பிறகே சொல்லில் இழிவு கனத்தது. சம்ஸ்கிருதத்தின் 'பர்பர'வும் திக்கிப் பேசுபவன், அந்நியன் என்றே பொருள்படுகிறது.

சொல்லுக்கு நிலையான ஊர் கிடையாது. கி.பி. முதல் நூற்றாண்டின் பெரிப்ளூஸ், சோமாலியக் கரையைப் பார்பரியா என்கிறது. சிந்து முகத்துவாரத்துத் துறைமுகத்தைப் பார்பரிக்கோன் என்கிறது. ரோமர்கள் வட ஆப்பிரிக்கர்களை மௌரி என்றும் நுமிடியர் என்றும் பிரித்தாவது அறிந்திருந்தார்கள். 7ஆம் நூற்றாண்டில் வந்த அரபிகள் எல்லோரையும் 'பர்பர்' என்ற ஒரே பெயரில் அடக்கினர். சொல் கிரேக்க, லத்தீன் வழியாக வந்தது என்பது பலரின் கருத்து. ஆனால் இப்ன் கல்தூன் (1332–1406) வேறொரு கதை சொல்கிறார்: இஃப்ரிகிஷ் என்ற யேமன் மன்னன் அவர்கள் பேச்சைக் கேட்டு வியந்து வைத்த பெயராம். இங்கேயும் பெயரிட்டது புரியாத காதுதான்.

அவர்கள் தம்மை அமாஸிக் என்கிறார்கள், பன்மையில் இமாஸிகன். 'சுதந்திரமானவன்' என்று அதற்குச் சொல்லப்படும் பொருளைச் சொல்லாராய்ச்சி உறுதிசெய்யவில்லை. தம் வாயால் தமக்கு வைத்துக்கொண்ட பெயர் என்பதே எனக்குப் போதுமானது.

1980 மார்ச்சில் நாவலாசிரியர் மூலூத் மம்மேரி, டிஸி ஊஸூ நகரில் பழைய கபீலியக் கவிதைகள் பற்றிப் பேசவிருந்தார். அல்ஜீரிய அரசு அதைத் தடை செய்தது. பிரெஞ்சுக்காரனை விரட்டி 18 ஆண்டுகள்கூட நிறையாத தேசம், தன் மக்களில் ஒரு பகுதியினரின் கவிதைக்கு அஞ்சியது. ஏப்ரலில் கிளர்ச்சி மூண்டது. அதற்கும் 'பெர்பர் வசந்தம்' என்றே பெயர் நிலைத்தது. அவர்கள் மொழியான தமாஸிக்த், மொராக்கோவில் 2011லும் அல்ஜீரியாவில் 2016லும்தான் ஆட்சிமொழி ஆயிற்று.

நாம் 'பார்பேரியன்' என்பதைக் 'காட்டுமிராண்டி' என்று மொழிபெயர்த்துத் திருப்தியடைகிறோம். அதில் காடு வருகிறது, காது போய்விடுகிறது. கேட்டவனின் இயலாமை, பேசியவனின் குணமாகிவிடுகிறது. முல்லைப்பாட்டிலும் மிலேச்சர் பேசாத நாவினராய், உடலசைவால் பேசுபவராய்த்தான் நிற்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு மொழி இருந்திருக்கும்.

'புரியவில்லை, ஆகவே உளறல்' என்று புதுக்கவிதையை ஒதுக்கிய பண்டிதர்களை நினைத்துக்கொள்கிறேன். முதல் பாதி வாசகனைப் பற்றிய உண்மை. அதிலிருந்து இரண்டாம் பாதிக்குத் தாவுகிற இடத்தில்தான் 'பெர்பர்' என்ற சொல் பிறந்தது.