பின் ஒன்று, வயர் வேறு

மெல்லிசைக் கச்சேரிக்கு விமரிசனம் எழுதுகிறவர்கள் பாடகர் சுருதி விலகினாரா, டிரம்ஸ்காரர் தாளத்தில் ஓடினாரா என்றெல்லாம் கவனிப்பார்கள். மேடைக்கு அடியில் கிடக்கும் வயரை மட்டும் பார்க்க மாட்டார்கள். கச்சேரியைக் கெடுக்கும் சாமர்த்தியம் அதற்கும் நிறைய உண்டு.

சமீபத்தில் குருபரப்பள்ளிப் பக்கம் ஒரு மாரியம்மன் பண்டிகையில் கேட்டது நல்ல உதாரணம். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகிற நெடுஞ்சாலை ஊர். சிப்காட்டில் ஷிப்ட் முடித்த இளைஞர்கள் கூட்டம். தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று, அப்புறம் கன்னடம் என்று எல்லைப்புற தாராளம். பாடிய பெண்ணுக்குக் கணீர் குரல். 'மௌன ராகம்' பாட்டு ஒன்றை எடுத்தார்கள். 1986-ல் வந்த அந்தப் படத்தில் இளையராஜாவின் பேஸ் கிடார் அடியில் தனியாக ஒரு பாட்டே பாடும். இங்கே அடியில் கேட்டது 'ம்ம்ம்' என்ற உறுமல்தான். வாசித்த பையனின் விரல்கள் என்னவோ சரியாகத்தான் ஓடின.

இடைவேளையில் எட்டிப் பார்த்தேன். கிடாரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஸ்பீக்கர் வயர். ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கர் பெட்டிக்கு மெல்லிசான கிடார் வயர். பெண் மாறி, மாப்பிள்ளை மாறிக் கல்யாணம்!

குற்றவாளி அந்த பி-38 பின். 19-ம் நூற்றாண்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காகப் பிறந்த அந்தக் கால் அங்குல பின், இரண்டு வயரிலும் ஒரே மாதிரி இருக்கும். உள்ளே சங்கதி வேறு. கிடாரிலிருந்து வருவது பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் குறைந்த சமாச்சாரம். அதற்கு ஷீல்டு வயர் வேண்டும்: நடுவில் கம்பி, சுற்றிலும் செம்பு வலை. வலை இல்லாவிட்டால் பக்கத்து சீரியல் செட், ஃபேன் எல்லாவற்றின் இரைச்சலும் உள்ளே வரும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ்; பேஸின் மிகத் தடித்த தந்தி 41, அடுத்தது 55. உறுமல் சரியாக நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பேஸ் எங்கே கேட்கும்?

ஸ்பீக்கருக்கு நேர்மாறு. 100 வாட்டை 8 ஓம் பெட்டிக்கு அனுப்பினால் சுமார் மூன்றரை ஆம்பியர் ஓடும். அதற்குத் தடிமனான இரட்டைக் கம்பி வேண்டும். கிடார் வயரைப் போட்டால் சூடாகும். உருகி ஷார்ட் ஆனால் ஆம்ப்ளிஃபயருக்கே காரியம் முடிந்தது. இதனால்தான் பெரிய செட்டுகளில் ஸ்பீக்கருக்கென்று முறுக்கிப் பூட்டும் ஸ்பீக்கான் வந்துவிட்டது. தப்பாகச் செருகவே முடியாது.

சென்னை ரிச்சி தெருவிலோ பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலோ கேபிள் வாங்கப் போனால், 'பேஸைக் கூட்டும்' ரகம் என்று விலை உயர்ந்த ஒன்றை நீட்டினால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். எந்த வயரும் பேஸைக் கூட்டாது. நீளம் அதிகமானால் மேல் ஸ்வரங்களின் கூர்மையைக் கொஞ்சம் மழுக்கும், அவ்வளவுதான். மூன்றிலிருந்து ஆறு மீட்டர் போதும். தங்க முலாம் கறுக்காது, அது வரைக்கும் நிஜம். காசு போட வேண்டிய இடம் உறுதியான பின், ஒழுங்கான சால்டரிங். தூரத்து மிக்ஸருக்குப் போக வேண்டுமா? ஒரு டி.ஐ. பாக்ஸும் மூன்று முனை எக்ஸ்.எல்.ஆர். கேபிளும் வாங்குங்கள்.

இதெல்லாம் காது சம்பந்தப்பட்டது. உயிர் சம்பந்தப்பட்டது ஒன்று உண்டு. உறுமலைப் போக்க அன்று ஒருவர் செய்த கை வைத்தியம், ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்கியது. உறுமல் போகவில்லை. பல மேடைகளில் இது சகஜம். கிடார் தந்தியும் மைக்கும் ஒரே ஆளின் கையிலும் உதட்டிலும் படுகிறவை. எர்த் இல்லாத இடத்தில் கசிகிற 230 வோல்ட், அந்த ஆள் வழியாகத்தான் பூமிக்கு இறங்கும். 1972 மே மாதம் பிரிட்டனில் ஸ்வான்சி நகர மேடையில் லெஸ் ஹார்வி என்ற கிடாரிஸ்ட், எர்த் ஆகாத மைக்கைத் தொட்டு இறந்தார். வயது 27.

விழாக் கமிட்டியார் பாட்டு லிஸ்ட்டைச் சரிபார்க்கும் முன் பிளக்குகளைச் சரிபார்க்கட்டும். உறுமல் கச்சேரியை ஒரு வருஷத்தில் மறந்துவிடலாம்.