பங்கில்லாத பங்காளிகள்

'கூட்டாண்மை' என்ற சொல்லின் மேல் எனக்கு வெகுநாளாகச் சந்தேகம் உண்டு. அரசு அறிக்கையிலிருந்து தன்னார்வக் குழுவின் துண்டறிக்கை வரை புழங்குகிற சொல். அரசு மருத்துவத்துக்கும் பூர்வகுடிகளுக்குமான உறவைப் பேசும்போது இது மந்திரமாகவே ஆகிவிடுகிறது. நம்மிடம் இதற்குப் பக்கத்தில் ஒரு பழைய சொல் இருக்கிறது: பங்காளி. பங்காளி என்றால் சிநேகிதன் இல்லை. சொத்தில் பங்குள்ளவன். வரப்புக்குச் சண்டை போடுவான், கோர்ட்டுக்கு இழுப்பான். ஆனால் அவன் கையெழுத்து இல்லாமல் நிலத்தை விற்க முடியாது. விருந்தாளி கதை வேற. அவனுக்குத் தலைவாழை இலை உண்டு, பத்திரத்தில் இடம் கிடையாது. பூர்வகுடிகளைப் பங்காளி என்று அழைத்து விருந்தாளியாக உட்கார வைப்பதுதான் இந்தச் சொல்லாடலின் அரசியல் என்பது என் வாதம். இதற்கு நியூசிலாந்தை எடுத்துக்கொள்கிறேன். அங்கே இந்தச் சொல் நீதிமன்றத் தீர்ப்பு வரை ஏறியிருக்கிறது.

1840இன் வைத்தாங்கி ஒப்பந்தத்துக்கு இரண்டு பிரதிகள். மாவோரி பிரதி ஆளுகையை மட்டும் பிரிட்டிஷ் அரசிக்குத் தருகிறது. 'தினோ ரங்காதிராதங்கா' என்ற தன்னதிகாரத்தைத் தலைவர்களிடமே விட்டுவைக்கிறது. ஆங்கிலப் பிரதியோ இறையாண்மையே கைமாறிவிட்டது என்கிறது. ஒப்பமிட்ட 500க்கும் மேற்பட்ட தலைவர்களில் மிகப் பெரும்பாலோர் கையெழுத்திட்டது மாவோரி பிரதியில். அப்புறம் நடந்தது தெரிந்த கதைதான். 1907இல் 'தொஹுங்கா' என்ற மரபு வைத்தியர்களை ஒடுக்கச் சட்டம் வந்தது. 1962 வரை அது ஏட்டில் இருந்தது. 1987இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரு தரப்பின் உறவு கூட்டாண்மைக்கு ஒப்பானது என்றது. 1988இல் சமூகக் கொள்கைக்கான அரச ஆணையம் கூட்டாண்மை, பங்கேற்பு, பாதுகாப்பு என்று மூன்று கோட்பாடுகளை வகுத்தது. சுகாதாரத் துறை இதை இறுகப் பிடித்துக்கொண்டது. இறையாண்மை யாருடையது என்ற வழக்கு இப்படித்தான் ஒரு நிர்வாக ஒழுங்காகச் சுருங்கியது.

கூட்டாண்மை நிஜமா என்று பார்க்க மூன்று கேள்விகள் போதும். காசு யார் கையில? பட்டியல் யார் கையில? கலைக்கிற உரிமை யார் கையில?

முதலில் காசு. ஒப்பந்த மீறல்களை விசாரிக்க 1975இல் அமைந்த வைத்தாங்கி நடுவர் மன்றம், 2019இல் ஹவோரா அறிக்கையை வெளியிட்டது. ஆரம்ப சுகாதாரத்தில் அரசு ஒப்பந்தத்தை மீறியிருக்கிறது, மாவோரி அமைப்புகளுக்குப் போதிய நிதி தரப்படவில்லை என்பது அதன் முடிவு. அந்த மூன்று கோட்பாடுகளும் ஒப்பந்தத்தைக் குறுக்குகின்றன என்றும் அது சொன்னது.

அடுத்தது பட்டியல். 2021, கோவிட் காலம். தடுப்பூசி போடாத மாவோரிகளின் வீடு தேடிப் போக, ஃபானோ ஓரா முகமை சுகாதார அமைச்சகத்திடம் அவர்களின் விவரம் கேட்டது. தனியுரிமையைக் காட்டி அமைச்சகம் மறுத்தது. முகமை உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதாயிற்று. நவம்பரில் நீதிமன்றம் முடிவை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. டிசம்பரில் அதே வழக்கு மறுபடி. தனியுரிமை சாதாரண விஷயமில்ல, ஒத்துக்கிறேன். ஆனால் தன் சனங்களில் யாருக்கு ஊசி போகவில்லை என்று தெரிந்துகொள்ள ஒரு 'பங்காளி' வழக்குப் போட வேண்டியிருந்தது என்றால், பேரேடு யாருடையது என்பதில் ஐயமில்லை.

மூன்றாவது கலைப்பு. 2022 ஜூலையில் 'தே அகா ஃபை ஓரா' என்ற மாவோரி சுகாதார அதிகார அமைப்பு தொடங்கியது. 2024 பிப்ரவரி 27 அன்று அதைக் கலைக்கும் மசோதா அவசரமாக நாடாளுமன்றத்துக்கு வந்தது. நடுவர் மன்றத்தின் விசாரணை தொடங்க இரண்டே நாள் இருந்தது. மசோதா அறிமுகமானதும் மன்றத்தின் விசாரணை அதிகாரம் போய்விட்டது. ஜூன் 30 அன்று அமைப்பு முடிவுக்கு வந்தது. சரியாக இரண்டு வருஷம். 2022 சட்டத்தின்படி அமைந்த இவி-மாவோரி கூட்டாண்மை வாரியங்கள் மட்டும் தொடர்ந்தன. பெயர்களைக் கவனியுங்கள். 'அதிகாரம்' என்ற பெயர் தாங்கியது போயிற்று. 'கூட்டாண்மை' என்ற பெயர் தாங்கியது மிச்சம் இருந்தது.

அந்த மசோதாவைக் கொண்டுவந்த அமைச்சர் ஷேன் ரெட்டி ஒரு மாவோரி, மருத்துவரும்கூட. நம் ஆள் ஒருத்தர் நாற்காலியில் உட்கார்ந்தால் எல்லாம் சரியாயிடும் என்று நம்புகிற பிரதிநிதித்துவ அரசியல் இந்த இடத்தில் முட்டி நிற்கிறது. ஆள் இருப்பது வேறு, பங்கு இருப்பது வேறு.

எதிர்வாதமும் உண்டு. மருத்துவம் தேவையைப் பார்க்க வேண்டும், இனத்தைப் பார்க்கக் கூடாது என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மாவோரிகளின் ஆயுட்காலம் மற்றவர்களைவிட ஏறத்தாழ 7 வருஷம் குறைவு. அதைத் தேவை என்று எண்ணாத அளவுகோலை வகுத்தது யார்? 'பொது' என்று முன்வைக்கப்படுவது ஏற்கெனவே ஒரு தரப்பின் வடிவத்தில் இருக்கும்போது, பொதுமையைப் பேசுவதே அந்தத் தரப்பைக் காப்பாற்றுவதாகும்.

இதை இன்னொரு திசையில் யோசித்தவர் மாவோரி செவிலியர் இரிஹாப்பெட்டி ராம்ஸ்டென் (மறைவு 2003). அவர் வளர்த்தெடுத்த 'பண்பாட்டுப் பாதுகாப்பு' என்ற கருத்தாக்கத்தை 1992இல் செவிலியர் மன்றம் பயிற்சியில் சேர்த்தது. நோயாளியின் சடங்கு சம்பிரதாயங்களைச் செவிலியர் மனப்பாடம் செய்வது அவர் நோக்கம் இல்லை. செவிலியர் முதலில் தன் அதிகாரத்தைத் தானே பரிசீலிக்க வேண்டும். தனக்குக் கிடைத்த சேவை பாதுகாப்பானதா என்பதைத் தீர்மானிப்பவர் நோயாளி. தீர்ப்புச் சொல்லும் இடத்தை அப்படியே மறுபக்கம் தூக்கி வைத்தார். இன்று நிறுவனங்கள் இதைப் பண்பாட்டு அறிமுக வகுப்பாக நடத்தும்போது, காணாமல் போவது அந்த இடமாற்றம்தான்.

மாவோரி சமூகம் ஒற்றைக் குரல் இல்லை. இவிகளுக்குள் போட்டி உண்டு, நகரத்து மாவோரிக்கும் கிராமத்து மாவோரிக்கும் பிணக்கு உண்டு. ஒரு தனி அமைப்பு எல்லாவற்றையும் தீர்த்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. அது தோற்கவும் கூடும். ஆனால் தோற்றதா ஜெயித்ததா என்று சொல்கிற உரிமை அதை நம்பி வைத்தியம் பார்த்துக்கொண்டவர்களுக்குக் கிடைக்கவில்லை. நாடாளுமன்றப் பெரும்பான்மை அந்த உரிமையையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. 'மக்கள் பங்கேற்பு' என்று துண்டறிக்கை எழுதுகிற நாமும், பங்கேற்கிறவர்கள் வேண்டாம் என்று சொன்னால் அந்தத் திட்டம் நிற்குமா என்பதை முதலில் கேட்டுவிட்டு எழுதலாம்.